அமெரிக்கா போய் வந்த கதை



ஊருக்கு வந்து இரண்டு கிழமையாகிறது. பள்ளிவாசல் படியிலும், பாடசாலை ஆசிரியர் அறையிலும், ஜம்பட்டா வீதியில் மரக்கறி வாங்கும் இடத்திலும் ஒரே கேள்விதான்: "சேர், அமெரிக்கா எப்படி?" ஆளுக்கு ஒரு துண்டு சொல்லிச் சொல்லி, எந்தத் துண்டை யாருக்குச் சொன்னோம் என்பதே மறந்துவிட்டது. அதனால் நானும் மனைவியும் உட்கார்ந்து, இரண்டு பேருக்கும் ஞாபகமுள்ளதைச் சேர்த்து எழுதுகிறோம். கொஞ்சம் நீளம்தான். ஒரு பிளேன்டீ ஊற்றிக்கொண்டு வாசியுங்கள்.

போன காரணம் பேத்தி. மருமகனுக்குக் கிரீன் கார்ட் லொத்தர் விழுந்து, மகளும் அவரும் நியூயோர்க்கில் ஸ்டேட்டன் தீவில் இருக்கிறார்கள். பேத்தி பிறந்து ஒன்பது மாதம் வரை போன் திரையில் மட்டும்தான் பார்த்தோம். திரையில் முத்தம் கொடுத்துக் கொடுத்து மனைவியின் போன் கண்ணாடி மங்கிப்போனது. 2024 மே மாதம், லீவு எடுத்துக்கொண்டு போவதென்று முடிவெடுத்தோம்.

வீசா அப்போது ஆளுக்கு 185 டொலராக இருந்தது. கிடைக்காவிட்டாலும் அந்தக் காசு திரும்பி வராது. டொலரை 300 ரூபா என்று வைத்து இரண்டு பேருக்கும் பெருக்கிப் பாருங்கள்: 111,000 ரூபா. ஓர் ஆசிரியரின் மாதச் சம்பளம் அதற்குள் அடங்கிவிடும். கொள்ளுப்பிட்டியில் காலி வீதியிலுள்ள தூதரகத்துக்கு விடியக்காலையிலேயே போய்விட்டோம். நேர்முகம் மூன்று நிமிடம்கூட இல்லை. எத்தனை வருடம் படிப்பிக்கிறீர்கள், மகள் எங்கே, எப்போது திரும்புவீர்கள், அவ்வளவுதான். வீட்டு உறுதி, வங்கிப் புத்தகம், அதிபரின் கடிதம் என்று மூன்று இரவு கண்விழித்து அடுக்கிய ஃபைலை யாரும் கேட்கவே இல்லை. கேட்காதது நல்லதுதான், ஆனாலும் மனைவிக்குக் கொஞ்சம் கவலை.

விண்ணப்பத்தில் ஒரு சிக்கல் இருந்தது. குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம். எங்கள் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் எங்கே இருக்கிறது? வாப்பாவின் பெயர் முன்னால் வரும், நம் பெயர் பின்னால் வரும். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் வாப்பாவின் பெயர்தான் உட்கார்ந்திருக்கிறது. மனைவிக்கு அவருடைய வாப்பாவின் பெயர். ஆகவே கடதாசியில் பார்த்தால் முப்பது வருடம் ஒன்றாக வாழ்ந்த நாங்கள் ஒரே குடும்பமே இல்லை.

எங்கள் வாப்பா கொழும்புத் துறைமுகத்தில் டாலி கிளாக்காக இருந்தவர். கப்பலில் ஏற்றும் தேயிலைப் பெட்டிகளை எண்ணிக் குறிப்பதுதான் வேலை. பெட்டியில் அடித்திருக்கும் ஊர்ப் பெயர்களை வீட்டுக்கு வந்து எங்களுக்குச் சொல்லிக்கொடுப்பார். நியூயோர்க் என்ற சொல்லை முதன்முதலில் அவர் வாயில்தான் கேட்டோம். அவர் ஆயுளில் பாஸ்போர்ட் எடுக்கவில்லை.

வீசாவுக்குப் போகும் முன் பக்கத்து வீட்டு அக்கா, "சேர், நீங்க கவலப்படாம போங்க, அந்தோனியாருக்கு நான் மெழுகுதிரி கொழுத்துறேன்" என்றார். கொச்சிக்கடையில் இது புதினமில்லை. செவ்வாய்க்கிழமை புனித அந்தோனியார் கோயில் வரிசையில் எல்லாச் சமயத்தவரும் நிற்பார்கள். நாங்கள் வீட்டில் துஆ கேட்டோம், அவர் கோயிலில் மெழுகுதிரி கொழுத்தினார். வீசா கிடைத்தது. பயண நாளில் பிள்ளைக்கென்று ஒரு பைக்கற் கறிவேப்பிலையும் ரம்பையும் கொண்டுவந்து பெட்டியில் அமுக்கினார். நாங்களும் மாசி, தொதல், மிளகாய்த்தூள் என்று நிரப்பியிருந்தோம். இருபத்திமூன்று கிலோவுக்கு மேல் போகக்கூடாது என்று குளியலறைத் தராசில் பெட்டியை ஏற்றி இறக்கி ஓர் இரவு போனது.

திங்கட்கிழமை இரவு கட்டுநாயக்கவிலிருந்து டோஹா. அங்கிருந்து செவ்வாய்க் காலை எட்டு மணிக்கு அடுத்த விமானம். பதினான்கு மணித்தியாலம் பறந்து இறங்கும்போது அங்கே அதே செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று மணி. சூரியனைத் துரத்திக்கொண்டு மேற்கே போவதால் பகல் முடியவே முடியாது. லுஹரையும் அஸரையும் பிரயாணிகளின் சலுகையில் சேர்த்துச் சுருக்கி, இருக்கையில் இருந்தபடியே தொழுதோம். கிப்லா எந்தப் பக்கம் என்று முன்னால் இருந்த திரையின் வரைபடம் காட்டியது. தொழத் தொடங்கும்போது ஒரு பக்கம் இருந்தது, முடிக்கும்போது சற்றே நகர்ந்திருந்தது. அல்லாஹ் ஏற்றுக்கொள்வான். சாப்பாட்டைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: முஸ்லிம் மீல் என்று முன்கூட்டியே சொல்லி வைத்தால் மற்றவர்களுக்கு முன்னால் உங்களுக்குத்தான் தட்டு வரும். கால் வீங்கும். ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை எழும்பி நடந்துகொள்ளுங்கள்.

இறங்கிய விமான நிலையத்தின் பெயர் வேண்டாம். குடிவரவு வரிசை ஒன்றேகால் மணித்தியாலம். அதிகாரி விரல் அடையாளம் எடுத்தார், படம் எடுத்தார், திரையைப் பார்த்தார், திரும்பவும் பார்த்தார். பிறகு இரண்டு பாஸ்போர்ட்டையும் ஓர் உறையில் போட்டு, பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்து, "இவரோடு போங்கள்" என்றார்.

அது ஒரு அறை. வரிசையாகக் கதிரைகள், முன்னால் உயரமான மேசை. போனைத் தொடக்கூடாது. எங்களுக்கு முன்னால் ஒரு பங்களாதேஷ் இளைஞன், கைக்குழந்தையோடு ஓர் ஆபிரிக்கத் தாய், இன்னும் ஏழெட்டுப் பேர். யாரும் யாருடனும் கதைக்கவில்லை. வெளியே மகள் பிள்ளையோடு காத்துக்கொண்டிருக்கிறாள், அவளுக்கு ஒரு சொல் சொல்ல வழியில்லை. மனைவி தஸ்பீஹை எடுத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, கைப்பைக்குள் திரும்ப வைத்துவிட்டார்.

அந்த உட்காரல் எங்களுக்குப் புதிதில்லை. கொச்சிக்கடை ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்கிறோம்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. காலை ஒன்பது மணிக்கு முன் அந்தச் சத்தம் கேட்டபோது அடுப்பில் ரொட்டி இருந்தது. துறைமுகத்தில் ஏதோ கொள்கலன் விழுந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தோம். பிறகு தெருவில் ஓடி வந்தவர்களைப் பார்த்தோம். அன்று நாடு முழுவதும் 250க்கும் மேற்பட்டவர்கள் போய்விட்டார்கள். அக்காவின் தங்கை மகளும் அந்தக் கோயிலுக்குள் இருந்தாள். எங்களிடம் தரம் எட்டில் கணிதம் படித்த பிள்ளை.

செய்தவர்களை எங்களுக்குத் தெரியாது. ஆனால் அவர்களின் பெயர்களும் எங்கள் பெயர்களும் ஒரே மாதிரி. மறுநாளிலிருந்து எங்களைத் தெரிந்தவர்களே எங்களைப் புதிதாகப் பார்த்தார்கள். பதினைந்து வருடம் படிப்பித்த பாடசாலை வாசலில் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து காட்டினோம். பஸ்ஸில் மனைவிக்குப் பக்கத்து இருக்கை காலியாகவே வந்தது. அக்கா கதவைச் சாத்திக்கொண்டார். அவரைக் குறை சொல்லவில்லை. எங்கள் பிள்ளை போயிருந்தால் நாங்களும் சாத்தியிருப்போம்.

பதினாறு நாளில் நோன்பு வந்தது. எங்கள் ஒழுங்கையில் எல்லா வருடமும் முதல் நோன்பன்று அக்கா வீட்டுக்குக் கஞ்சி போகும். அவருடைய பீங்கான் கோப்பை ஒன்று அதற்கென்றே எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்குமாகத் திரிந்துகொண்டிருக்கும். அந்த வருடம் அனுப்பவில்லை. எந்த முகத்தோடு அனுப்புவது? ஒன்பதாம் நோன்போ பத்தாம் நோன்போ, அஸருக்குப் பிறகு கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. அந்தக் கோப்பையோடு அக்கா நின்றார். "என்ன ராத்தா, இந்த முற எங்களுக்குக் கஞ்சி இல்லையா?" என்று கேட்டார். மனைவியால் பதில் சொல்ல முடியவில்லை. கஞ்சியை ஊற்றும்போது கை நடுங்கிப் பாதி நிலத்தில் போனது.

அமெரிக்காவைப் பற்றிக் கேட்டால் இதையெல்லாம் ஏன் சொல்கிறோம் என்றால், அந்த அறையில் இரண்டு மணித்தியாலமும் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தது இதைத்தான்.

கடைசியில் கூப்பிட்டார்கள். கூப்பிட்டது வாப்பாவின் பெயரை. மிஸ்டர் என்று போட்டு, அவருடைய பெயரைக் கொஞ்சம் உடைத்து, உரக்க. ஒரு நொடி இருவரும் எழும்பவில்லை. பெட்டிகளை எண்ணி அனுப்பிய மனிதரை அந்தப் பெட்டிகள் போன ஊரில் யாரோ கூப்பிடுகிறார்கள் என்றுதான் பட்டது.

அதிகாரி ஐம்பது வயது மதிக்கத்தக்கவர். கேள்விகள் சாதாரணமானவை: என்ன பாடம், எத்தனை பிள்ளைகள், வேறு எந்த நாடுகளுக்குப் போனீர்கள். 2015 இல் உம்ராவுக்குச் சவூதி போனதைத் தவிர வேறு இல்லை. முகவரியைத் தட்டினார். தட்டியவர் நிறுத்தினார். "கொச்சிக்கடை... அந்தத் தேவாலயம் இருக்கும் இடம்தானே?"

"ஆம். வீட்டிலிருந்து நடக்கும் தூரம்."

இனி என்ன கேட்பார் என்று எங்களுக்குத் தெரியும் என்றுதான் நினைத்தோம். யாரைத் தெரியும், எந்தப் பள்ளிவாசல், யாருடைய பயானுக்குப் போவீர்கள். அவர் கேட்டது வேறு. "அன்றைக்கு உங்கள் வீட்டில் எல்லாரும் பாதுகாப்பாக இருந்தீர்களா?"

ஐந்து வருடத்தில் எங்களிடம் அதை யாரும் கேட்டதில்லை. உங்கள் ஆட்கள் ஏன் இப்படிச் செய்தார்கள் என்று கேட்டிருக்கிறார்கள். உங்களுக்கு முன்பே தெரியுமா என்று கேட்டிருக்கிறார்கள். மனைவி அழுதுவிட்டார். எங்களிடம் படித்த பிள்ளை ஒன்று போனது என்று மட்டும் சொன்னோம். அவர் வருந்துவதாகச் சொன்னார். பிறகு அதே குரலில், கையில் எவ்வளவு பணம் கொண்டுவந்திருக்கிறீர்கள் என்று கேட்டார். முத்திரை குத்தினார். ஆறு மாதம் தங்கலாம் என்றார்.

ஏன் பிடித்து வைத்தார்கள், ஏன் விட்டார்கள் என்று எவரும் சொல்லவில்லை. எங்கள் பெயர் இன்னொருவரின் பெயரோடு ஒத்துப்போயிருக்கும் என்பது மருமகனின் ஊகம். மொஹமட் என்று தொடங்கும் பெயர்கள் உலகத்தில் குறைவா?

பெட்டிகளை எடுத்தால் அடுத்த மேசை. உணவு இருக்கிறதா? இருக்கிறது என்றோம். இதைக் கவனியுங்கள், போகிறவர்கள் ஒருபோதும் இல்லை என்று சொல்ல வேண்டாம். இருப்பதைச் சொன்னால் எடுத்துப் போடுவார்கள், அவ்வளவுதான். மறைத்தால்தான் அபராதம். மாசியைக் கையில் தூக்கி, மரக்கட்டையா என்று கேட்டார்கள். மீன் என்றோம். தட்டிப் பார்த்தார்கள், மோந்து பார்த்தார்கள், முகத்தைச் சுளித்துக்கொண்டு திருப்பித் தந்தார்கள். தொதல் தப்பியது. அக்காவின் கறிவேப்பிலை மட்டும் குப்பைத்தொட்டிக்குப் போனது. காரணம் கேட்டோம். தோடை, எலுமிச்சை மரங்களை அழிக்கும் ஒரு நோயைப் பரப்பும் சிறு பூச்சி கறிவேப்பிலையிலும் வாழுமாம். கறிவேப்பிலையும் எலுமிச்சையும் ஒரே குடும்பத் தாவரம். விஞ்ஞானம் படிப்பிக்கும் சகோதரர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

வெளியே மகள் நின்றாள். பேத்தி எங்களைப் பார்த்து வீரிட்டு அழுதாள். திரைக்குள் இருந்த ஆட்கள் இவ்வளவு பெரிதாக வெளியே வருவார்கள் என்று அவள் நினைத்திருக்கமாட்டாள். மூன்று நாள் கிட்ட வரவில்லை. நாலாம் நாள் மனைவியின் தோளில் தூங்கினாள். மனைவி கை மரத்துப்போகும் வரை அசையவில்லை.

இனி அன்றாடக் கதை. கடையில் ஒரு பொருளில் ஒட்டியிருக்கும் விலை அதன் விலை இல்லை. காசு கொடுக்கும் இடத்தில் 8.875 வீதம் வரி சேர்ப்பார்கள். ஆனால் 110 டொலருக்குக் குறைந்த உடுப்புக்கும் சப்பாத்துக்கும் அந்த வரி கிடையாது. சாப்பாட்டுக் கடையில் வரிக்கு மேல் டிப்ஸ், பதினெட்டோ இருபதோ வீதம். கோப்பி ஒன்றுக்குக்கூடத் திரையைத் திருப்பி எவ்வளவு தருகிறீர்கள் என்று கேட்கிறார்கள். வரியிலும் வீதம், டிப்ஸிலும் வீதம், தரம் எட்டுப் பிள்ளைகளுக்குப் பயிற்சிக் கணக்கு பத்து எழுதிக்கொண்டு வந்திருக்கிறோம். சில்லறையும் குழப்பம்தான்: பத்துச் சதம் ஐந்து சதத்தை விடச் சிறியது, அதில் 10 என்ற இலக்கமே இல்லை, டைம் என்று எழுத்தில்தான் இருக்கிறது. குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம், ஆனால் கேட்காமலே பாதிக் கோப்பைக்கு ஐஸ் போடுவார்கள். மலசலகூடத்தில் தண்ணீர் இல்லை, கடதாசிதான். வெளியே போகும்போதெல்லாம் ஒரு வெறும் போத்தல் எங்கள் பையில் இருந்தது. வேறு விளக்கம் தேவையில்லை.

ஸ்டேட்டன் தீவில் இலங்கை ஆட்கள் நிறைய. விக்டரி புலவார்ட் என்ற தெருவில் கொத்துரொட்டியும் கிடைக்கிறது, மாலு பணிஸும் கிடைக்கிறது. ஒரு கடையில் சிங்களத்தில் கதைத்த ஒருவர் ஊர் எது என்று கேட்டார். கொச்சிக்கடை என்றதும் தேத்தண்ணிக்குக் காசு வாங்கவில்லை. அங்கிருந்து மன்ஹட்டனுக்குப் படகு. இருபத்தைந்து நிமிடப் பயணம், 1997 இலிருந்து காசு கிடையாது. சுதந்திரச் சிலையைப் படகிலிருந்தே பார்க்கலாம், டிக்கட் எடுத்துப் போக வேண்டியதில்லை. தலைமன்னார் கப்பல் கதைகளை வாப்பா சொல்லக் கேட்டிருக்கிறோம். படகு நகரும்போது அவருக்காக ஒரு யாஸீன் ஓதினோம்.

ஒரு ஜும்ஆவுக்கு மருமகன் 96ஆம் வீதியிலுள்ள பெரிய பள்ளிவாசலுக்குக் கூட்டிப் போனார். 1991 இல் திறந்தது. தெருவுக்கு நேராக இல்லாமல் திருகி நிற்கும் கட்டடம், 29 பாகை திருப்பிக் கட்டியிருக்கிறார்கள். கிப்லா அங்கே வடகிழக்கு! மக்கா நியூயோர்க்கை விடத் தெற்கே இருக்கிற ஊராயிற்றே என்று முதலில் எங்களுக்கும் விளங்கவில்லை. வீட்டில் பூகோள உருண்டை இருந்தால் நியூயோர்க்கிலிருந்து மக்காவுக்கு ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். நூல் முதலில் வடக்கே ஏறி, பிறகுதான் இறங்கும். நாங்கள் கொழும்பில் மேற்கே, சற்று வடக்காகத் திரும்பி நின்றே பழகியவர்கள். மகள் வீட்டில் தக்பீர் கட்டும்போது ஒரு கிழமை வரை உடம்பு பிழையான பக்கம்தான் திரும்பியது.

இரட்டைக் கோபுரங்கள் இருந்த இடத்துக்கும் போனோம். போக வேண்டுமா என்று மனைவி தயங்கினார். பர்தாவோடு அங்கே நிற்பது எப்படி இருக்கும் என்ற யோசனை. கோபுரங்கள் நின்ற இரண்டு இடங்களிலும் இரண்டு பெரிய தடாகங்கள், தண்ணீர் உள்ளே விழுந்துகொண்டே இருக்கிறது. சுற்றிவர வெண்கலத் தகட்டில் பெயர்கள், ஏறத்தாழ மூவாயிரம். சில பெயர்களில் வெள்ளை ரோசாப்பூ செருகியிருந்தது. அன்றைக்கு அவர்களுக்குப் பிறந்தநாளாம்.

மருமகன் தெற்குத் தடாகத்தில் ஒரு பெயரைத் தேடிக் காட்டினார்: மொஹமட் சல்மான் ஹம்தானி. கராச்சியில் பிறந்த 23 வயது இளைஞன், நியூயோர்க் பொலிஸில் பயிலுனர், முதலுதவி தெரிந்தவர். 2001 செப்டெம்பர் 11 அன்று உதவி செய்ய அங்கே ஓடியவர். ஆளைக் காணவில்லை என்றதும் சந்தேகப்பட்டார்கள், பத்திரிகையிலும் வந்தது. தாய் தகப்பன் மாதக்கணக்கில் அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். 2002 மார்ச்சில்தான் உடல் எச்சங்கள் அவருடையவை என்று உறுதியானது. மனைவி அந்த எழுத்துகளைத் தடவிக்கொண்டு நின்றார். பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரக் கிழவி தன் ஆளின் பெயரைத் தடவிக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரத்தில் அந்தக் கிழவி கடதாசிக் கைக்குட்டை ஒன்றை நீட்டினார். ஒன்றும் பேசவில்லை.

திரும்பிய பயணத்தைப் பற்றிச் சொல்ல எதுவுமில்லை. யாரும் பிடிக்கவில்லை, யாரும் எதுவும் கேட்கவில்லை. பேத்தியை விட்டுவிட்டு வந்தோம், அதை எழுத விருப்பமில்லை. பாடசாலையில் பிள்ளைகள் கேட்டது ஒன்றுதான்: "சேர், ஜோன் சீனாவைக் கண்டீங்களா?"

வந்த அன்று மாலை அக்காவுக்கு ஒரு சொக்லட் பெட்டியும், குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டும் சுதந்திரச் சிலையும் கொண்டுபோனோம். கறிவேப்பிலை குப்பைக்குப் போன கதையைச் சொன்னதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "மகள் போன்ல சொன்னா, உங்கள புடிச்சி வச்சாங்களாமே?" என்றார். இரண்டு மணித்தியாலம் என்றோம். அந்த அதிகாரி கேட்டதையும் சொன்னோம். அக்கா கொஞ்ச நேரம் சிலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அது என்ன நாள் சேர்?"

"செவ்வாய்க்கிழமை."

"அப்ப சரி. அந்த நேரம் நான் கோயில்ல உங்களுக்குத்தான் வேண்டிக்கிட்டிருந்தேன்."

நியூயோர்க்கில் செவ்வாய் மாலை ஆறு மணியென்றால் கொழும்பில் புதன் அதிகாலை மூன்றரை. கோயில் பூட்டியிருக்கும், அக்கா நல்ல நித்திரையில் இருந்திருப்பார். இருபத்தேழு வருடமாகக் கணிதம் படிப்பிக்கிற வாய், ஒன்பதரை மணித்தியால வித்தியாசத்தைச் சொல்ல வந்தது. மனைவி காலை மிதித்தார்.

"ஓம் அக்கா" என்றோம்.